இரும்பு மண்ணிலேயே கடலை மஞ்சளாவது ஏன்? கரையாத உலோகத்தை உயிர்கள் எடுக்கும் விதம்

கடலைக்காட்டான் | திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் இரண்டு ஏக்கர் இறவையில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். இன்றைக்கு 34ஆம் நாள். திட்டுத் திட்டாகக் கொழுந்து வெளிறிக்கொண்டே வருகிறது. அடி இலை நன்றாகத்தான் இருக்கிறது. மேல் இலையில் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் எலுமிச்சை மஞ்சள். சில செடிகளில் கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கிடக்கும் பக்கம்தான் அதிகம். மழை பெய்து ஈரம் நின்ற பிறகு இன்னும் மோசமானது.

மண் பரிசோதனை அட்டையில் பிஎச் (அமில, கார அளவு; 7க்கு மேல் காரம்) 8.4, இரும்பு ‘குறைவு’ என்று இருக்கிறது. எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் காடு செம்மண். இரும்பு இருப்பதால்தான் மண் சிவப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். போர் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் ஒரு மணி நேரத்தில் துரு நிறத்தில் படிகிறது. மண்ணிலும் இரும்பு, தண்ணீரிலும் இரும்பு. அப்புறம் செடிக்கு மட்டும் எப்படிப் பற்றாக்குறை வரும்?

பக்கத்துக் காட்டுப் பெரியவர் பழைய இரும்புத் துண்டுகளை வாய்க்காலில் புதைக்கச் சொல்கிறார். உரக்கடையில் ‘சேலேட்’ என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், விலை அதிகம். எதைச் செய்வது என்பதைவிட, ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

வேர்முனை | செவ்வாய், காலை 6:25

தம்பி, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சுக்கான் பக்கம், மழைக்குப் பிறகு, போர் தண்ணீர் என்ற மூன்றும் ஒரே காரணத்தைத்தான் காட்டுகின்றன. நான் கல்லூரியில் உயிர்க்கனிம வேதியியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கன், அலுமினியத்துக்கு அடுத்து அதிகம் இருப்பது இரும்பு. எடையில் சுமார் 5 சதவீதம். உங்கள் காட்டில் ஒரு கிலோ மண்ணை அள்ளினால் அதில் பல கிராம் இரும்பு இருக்கும். மண் பரிசோதனை அதை அளப்பதில்லை. செடியால் எடுக்க முடிந்த பங்கை மட்டும் ஒரு கரைசலால் பிரித்து அளக்கிறார்கள். அது கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். ஆகவே உங்கள் காட்டில் இரும்புக்குக் குறைவில்லை, அது கரைவதில்லை.

உங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். ஆழத்தில் காற்று இல்லை. அங்கே இரும்பு ‘ஃபெரஸ்’ வடிவத்தில் இருக்கிறது, அது தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால்தான் மோட்டார் போட்டவுடன் வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. காற்று பட்டதும் இன்னொரு எலக்ட்ரானை இழந்து ‘ஃபெரிக்’ ஆகிறது. ஃபெரிக் இரும்பு தண்ணீரில் தனியாக நிற்காது. ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து துருவாகக் கீழே படிந்துவிடும்.

ஒரு காலத்தில் இதே வேலை உலகம் முழுவதும் நடந்தது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. கடல் நீரில் ஃபெரஸ் இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. சேலம் கஞ்சமலையில் வரிவரியாகக் கிடக்கிறதே இரும்புத் தாது, அது அப்படிப்பட்ட பழைய கடல்களில் படிந்த வகையைச் சேர்ந்தது. உயிர்கள் தங்கள் அடிப்படை வேலைகளுக்கு இரும்பைப் பழகிக்கொண்டது அந்தச் செழிப்பான காலத்தில். பிறகு ஒளிச்சேர்க்கை ஆக்சிஜனைக் கொட்டியது, இரும்பு கைக்கு எட்டாமல் போனது. ஆனால் பழக்கத்தை விட முடியவில்லை. மூச்சு விட, டிஎன்ஏ கட்ட, பச்சையம் உண்டாக்க என எல்லாவற்றுக்கும் இரும்பு வேண்டும். (பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம்தான். இரும்பு இல்லாவிட்டால் அந்தப் பச்சையத்தைக் கட்டி முடிக்க முடியாது. அதனால்தான் புதிய இலை வெளிறுகிறது.)

இப்போது பிஎச். ஒரு ஃபெரிக் அயனி மூன்று ஹைட்ராக்சைடுகளைப் பிடிக்கிறது. எனவே பிஎச் ஒரு படி ஏறினால் தனித்த ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பிஎச் 7இல் அது சுமார் 10⁻¹⁸ மோலார். இந்த எண்ணை இப்படிப் பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு லட்சம் அயனிகள். ஒரே ஒரு ஈ.கோலை பாக்டீரியாவின் உடம்புக்குள் இருக்கும் இரும்பு அணுக்களே சில லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிருமிக்குப் பத்துமா என்பதே சந்தேகம்! உங்கள் 8.4இல் இது இன்னும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. ஹைட்ராக்சைடு ஒட்டிய வேறு வடிவங்கள் இதைவிடக் கூடுதலாகக் கரையும் என்பது உண்மைதான், ஆனாலும் செடியின் தேவைக்கு அது எட்டாது.

கடலைச் செடி சும்மா இருப்பதில்லை. இரும்பு குறைந்தால் வேர் அமிலத்தை வெளியே தள்ளும். வேரின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி ஃபெரிக்குக்கு ஒரு எலக்ட்ரான் கொடுத்து ஃபெரஸ் ஆக்கும். ஃபெரஸ் மட்டும் ஒரு வாசல் புரதம் வழியாக உள்ளே போகும். உங்கள் காட்டில் சுண்ணாம்பிலிருந்து வரும் பைகார்பனேட், வேர் விடும் அமிலத்தை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அந்த நொதியும் உயர்ந்த பிஎச்சில் மந்தமாகத்தான் வேலை செய்யும். மழை ஈரத்தில் வேரும் நுண்ணுயிரும் விடும் கார்பன் டைஆக்சைடு மண்ணைவிட்டு வெளியேற முடியாமல் பைகார்பனேட் ஏறும். அதனால்தான் மழைக்குப் பிறகு மோசமானது.

இரும்புத் துண்டு புதைப்பதால் பயன் இல்லை. பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது துருவாகும், துரு உங்கள் மண்ணில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

கடலைக்காட்டான் | செவ்வாய், காலை 7:40

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிருமியும் என்ற கணக்கை என் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். அதே திட்டில் கடலைக்கு நடுவே அருகம்புல்லும் வேறு புல் களைகளும் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. அதே மண், அதே தண்ணீர். புல்லுக்கு மட்டும் இரும்பு எங்கிருந்து கிடைக்கிறது?

வேர்முனை | செவ்வாய், மாலை 5:50

இந்தக் கேள்வியை நீங்களே காட்டில் பார்த்துக் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

புல் குடும்பத்துக்கு வேறு வழி. வேரிலிருந்து ஒரு சிறு மூலக்கூறை மண்ணுக்குள் அனுப்பும். அது துருவிலிருந்து ஃபெரிக் இரும்பை ஆறு பக்கமும் கவ்விப் பிடித்துக் கரைய வைக்கும். பிறகு புல் அந்தக் கூட்டை அப்படியே, இரும்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபெரஸ் ஆக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பைகார்பனேட்டால் புல்லை அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை. ஜப்பானில் டகாகி என்பவர் 1976இல் வேர் கழுவிய நீரில் இதைக் கண்டார். பார்லியிலிருந்து பிரித்த பொருளுக்கு முகினீயிக் அமிலம் என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘முகி’ என்றால் பார்லி, கோதுமை வகைத் தானியம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பார்லி இதை நாள் முழுக்கச் சொட்ட விடுவதில்லை. சூரியன் உதித்துச் சில மணி நேரத்துக்குள் ஒரே வீச்சில் வெளியே விடுகிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் இதைத் தின்றுவிடும் அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் எல்லாம் அவற்றுக்கே போய்விடும். ஒரேயடியாக விட்டால், அவை தின்று முடிப்பதற்குள் இரும்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். இந்த விளக்கத்தைத்தான் பலரும் ஏற்கிறார்கள்.

எல்லாப் புல்லும் ஒன்றல்ல. பார்லி, கோதுமை நிறைய விடும். மக்காச்சோளம், சோளம் குறைவு. நெல் மிகக் குறைவு.

இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் கடலையைத் தனியாக விதைத்தபோது மஞ்சள் அடித்தது. மக்காச்சோளத்தை ஊடுபயிராக வைத்த வரிகளில், சோளத்துக்கு அருகில் இருந்த கடலை பச்சையாக நின்றது. வேர்கள் கலக்காதபடி நடுவில் தடுப்பு வைத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோள வேர் கரைத்து வைத்த இரும்பைக் கடலையும் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதே விளக்கம்.

நெல்வயல் | செவ்வாய், இரவு 8:15

வேளாண் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா எழுதியது அருமை. டெல்டா பக்கத்து அனுபவம் இரண்டைச் சேர்க்கிறேன்.

நெல் ஏன் அவ்வளவு குறைவாக விடுகிறது என்று யோசித்தால், அதற்குத் தேவைப்படவில்லை. வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்று தீர்ந்துவிடும். அப்போது சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவையே மூச்சுக்குப் பயன்படுத்தும். ஃபெரிக் ஃபெரஸாகிக் கரையும். மேட்டு நாற்றங்காலில் வெளிறி நின்ற நாற்று, தண்ணீர் கட்டிய வயலில் நட்டதும் பச்சை பிடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சில வயல்களில் அளவுக்கு மீறிக் கரைந்து இலையில் பழுப்புப் புள்ளி விழும், அது வேறு தொல்லை.

சேற்றிலிருந்து நெல் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், செங்கல் நிறத்தில் பூச்சு இருக்கும். நெல் தன் தண்டின் காற்றுக் குழாய் வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. அது வேரைச் சுற்றிக் கசிந்து, வெளியே உள்ள ஃபெரஸை மறுபடி துருவாக்கி அங்கேயே நிறுத்திவிடுகிறது. வாய்க்கால் ஓரத்தில் எண்ணெய் மாதிரி வானவில் நிறப் படலம் மிதக்கும். விவசாயிகள் டீசல் கலந்துவிட்டது என்று பதறுவார்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரிப் பிரிந்தால் இரும்பு, மீண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

ஆனால் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். மண்ணில் இரும்பு வேண்டிய மட்டும் இருப்பதால் மண்ணில் போட்டால் பயனில்லை என்ற தொனி வருகிறது. அன்னபேதியை மண்ணில் போடச் சொல்லித்தான் நாங்கள் பரிந்துரைத்து வந்தோம், பலனும் கண்டிருக்கிறோம்.

வேர்முனை | செவ்வாய், இரவு 9:30

ஐயா, நெல் வேரின் செங்கல் பூச்சு பற்றி எழுதியதற்கு நன்றி. நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன்.

அன்னபேதி விஷயத்தில், நான் இரும்புத் துண்டைத்தான் பயனில்லை என்றேன். அன்னபேதி ஃபெரஸ் சல்பேட், போட்டவுடன் கரையும். பிஎச் 6, 7 உள்ள மண்ணில் பலன் இருக்கும். ஆனால் பிஎச் 8.4, கூடவே சுக்கான் என்றால், வெறுமனே தூவிய அன்னபேதி சீக்கிரமே துருவாகிவிடும். நீங்கள் பலன் கண்ட இடங்களில் தொழு உரத்தோடு கலந்து போட்டீர்களா?

நெல்வயல் | புதன், காலை 5:45

ஆமாம் அம்மா, நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து ஊறவைத்துப் போடச் சொல்வோம். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். மக்கில் உள்ள அமிலங்கள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். பலன் அதனால் வந்திருக்க வேண்டும். சரி, உங்கள் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். தம்பியின் மண்ணுக்கு, பயிர் நிற்கும் இந்த நேரத்தில், இலை மேல் தெளிப்பதுதான் வேகமான வழி. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, கூடவே கொஞ்சம் சிட்ரிக் அமிலம் அல்லது எலுமிச்சைச் சாறு. கரைசலைக் கலந்தவுடன் அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் தொட்டித் தண்ணீர் கதைதான். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

நீலத்தட்டு | புதன், பகல் 1:05

நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் வேலையே இதுதான்.

வேர்முனை அக்கா சொன்ன புல்லின் தந்திரத்தைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதற்கு வெகு காலம் முன்பே செய்தன. அவை அனுப்பும் மூலக்கூறுகளுக்கு சிடரோஃபோர் என்று பெயர், கிரேக்கத்தில் ‘இரும்பைச் சுமப்பது’. அமெரிக்காவில் நீலாண்ட்ஸ் 1952இல் ஒரு பூஞ்சையிலிருந்து ஃபெரிக்ரோம் என்ற முதல் ஒன்றைப் பிரித்தார். ஆய்வகத்தில் சிடரோஃபோரைக் கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்தும் முறையும் அவர் கூட்டத்தார் 1987இல் கொடுத்ததுதான். நீல நிறச் சாயம் இரும்போடு சேர்ந்த தட்டில் பாக்டீரியாவை வளர்க்கிறோம். அது சிடரோஃபோரை விட்டால் சாயத்திடமிருந்து இரும்பைப் பறித்துவிடும். கூட்டத்தைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விழும். நீலத் தட்டில் முதல் ஆரஞ்சு வளையத்தைப் பார்த்த காலை இன்னும் நினைவிருக்கிறது.

கடலைக்காட்டான் அண்ணா, விதை நேர்த்திக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த ஃப்ளோரசன்ஸ் வகையைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அந்த ஒளி அதன் சிடரோஃபோரின் ஒளி, பயோவெர்டின் என்று பெயர். வேர் அருகே இரும்பைச் சுருட்டிக்கொண்டு நோய்ப் பூஞ்சைகளைப் பட்டினி போடுவதும் அது பயிரைக் காக்கும் வழிகளில் ஒன்று.

மூன்றாம்வரிசை | புதன், மாலை 4:20

குறுக்கே கேட்கிறேன். அப்படியானால் பயிருக்குப் போக வேண்டிய இரும்பையும் அதுவே சுருட்டிவிடாதா? நோய்ப் பூஞ்சைக்குப் பட்டினி, பயிருக்கு மட்டும் விருந்தா?

இன்னொரு கேள்வி. எம்.எஸ்சி. படிக்கும்போது என்டரோபாக்டினின் பிணைப்பு மாறிலி 10⁴⁹ என்று மனப்பாடம் செய்தேன். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் உள்ளே கொண்டுபோய் எப்படித்தான் விடும்? அன்று கேட்கத் தோன்றவில்லை.

நீலத்தட்டு | புதன், இரவு 10:40

முதல் கேள்விக்கு, பொதுவாக ஒரே பதில் கிடையாது. சில சோதனைகளில் பயிர்கள் பாக்டீரியாவின் சிடரோஃபோரிலிருந்தும் இரும்பை எடுத்திருக்கின்றன. சிலவற்றில் அதனால் பயிருக்கு நட்டம். பயிர், மண், பிஎச் மூன்றையும் பொறுத்தது. ‘சூடோமோனாஸ் போட்டால் இரும்புப் பற்றாக்குறை தீரும்’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கரையாத உலோகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பிடிப்பதையே பேசுகிறோம். விடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. என் பார்வையில் கடினமான பாதி அதுதான்.

என்டரோபாக்டின் என்பது ஈ.கோலையின் சிடரோஃபோர், 1970இல் கண்டறிந்தார்கள். மூன்று கைகளை ஒரு சிறு வளையத்தில் கட்டியது மாதிரி இருக்கும், ஒவ்வொரு கையிலும் இரண்டு ஆக்சிஜன். ஆறும் சேர்ந்து ஃபெரிக்கைப் பொதிந்துவிடும். உலோகத்தைப் பிடிக்க நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஈடிடிஏ என்ற பொருளுக்கு மாறிலி 10²⁵. இதற்கு 10⁴⁹! இந்த எண்ணின் பொருள் என்னவென்றால், செல்லுக்குள் இருக்கும் சாதாரண ஒடுக்கிகளால் அந்த இரும்புக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்து அதை ஃபெரஸாக்க முடியாது. எலக்ட்ரானை ஏற்க வைப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் ஒடுக்க மின்னழுத்தம் இதற்கு மைனஸ் 750 மில்லிவோல்ட் அளவில் இருக்கிறது. செல்லில் எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறால் முடிவது மைனஸ் 320 வரைதான்.

அதனால் ஈ.கோலை அந்த வளையத்தையே வெட்டிவிடுகிறது. ‘ஃபெஸ்’ என்ற நொதி மூன்று எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். கட்டு அவிழ்ந்ததும் பிடி தளரும், இரும்பை எடுத்துக்கொள்ளலாம். கஷ்டப்பட்டுக் கட்டிய மூலக்கூறு ஒரே பயணத்தோடு முடிந்துவிடுகிறது. அவ்வளவு செலவு செய்கிறது என்றால் இரும்பு அதற்கு எவ்வளவு அருமை என்று பாருங்கள். ஃபெரிக்ரோம் மாதிரியானவை இவ்வளவு இறுக்கமில்லை, எலக்ட்ரான் கொடுத்தாலே விட்டுவிடும், மறுபடி பயன்படும்.

நம் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இதே சிக்கலை வேறு மாதிரித் தீர்க்கிறது. செல் அதை ஒரு சிறு பைக்குள் இழுத்து, பையை அமிலமாக்கும். பிஎச் 5.5 அளவுக்கு இறங்கியதும் பிடி விடும். இரும்பு உள்ளே போகும், காலி டிரான்ஸ்ஃபெரின் பத்திரமாக ரத்தத்துக்குத் திரும்பும்.

வேர்முனை | வியாழன், காலை 6:10

நீலத்தட்டு, மிக அழகாக எழுதினாய் அம்மா. கடலைக்காட்டான் தம்பி கேட்ட சேலேட் பொட்டலத்துக்கும் இதுவே பதில். சேலேட் என்றால் இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் மூலக்கூறு. ஈடிடிஏ இரும்பு சுமார் பிஎச் 6.5க்கு மேல் நிற்காது. உங்கள் மண்ணில் கால்சியம் வந்து இரும்பைத் தள்ளிவிட்டு ஈடிடிஏவைப் பிடித்துக்கொள்ளும். ஈடிடிஎச்ஏ என்ற வகைதான் பிஎச் 9 வரை தாங்கும், கரைத்தால் தண்ணீர் இரத்தச் சிவப்பாகும். பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஈடிடிஏ என்றால் மண்ணில் போட வேண்டாம். ஈடிடிஎச்ஏ இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் கடலைக்குப் பயன்படுகிறது. அதன் வேர் நொதியால் அந்த இரும்புக்கு எலக்ட்ரான் கொடுக்க முடிகிறது. ஃபெரஸ் மட்டும் உள்ளே போக, சேலேட் வெளியிலேயே நின்று அடுத்த இரும்பைத் தேடும்.

தூங்காத_இரவு | வியாழன், இரவு 11:55

நான் விவசாயமும் படிக்கவில்லை, வேதியியலும் படிக்கவில்லை. ‘சிடரோஃபோர்’ என்று தேடி இங்கே வந்தேன்.

என் மகனுக்கு தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்தச் சோகை நோய். ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். சின்ன வயதில் இருந்து வாரத்தில் ஐந்து ராத்திரி வயிற்றில் ஊசி குத்தி, சிறிய பம்ப் மூலம் மருந்து ஏற்றினோம். டெஸ்ஃபெரியாக்சமின். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். முதல் தடவை பார்த்துப் பயந்து அழுதுவிட்டேன். நர்ஸ் அக்காதான் ‘அது இரும்பு வெளியே போகிற நிறம், சந்தோஷப்படுங்கள்’ என்றார். அந்த மருந்து ஒரு மண் கிருமியிலிருந்து வந்தது என்று எங்கேயோ படித்தேன். இங்கே நீங்கள் பேசுவதும் அதுவும் ஒன்றா?

நீலத்தட்டு | வெள்ளி, காலை 6:30

அக்கா, ஆமாம், அதே குடும்பம்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்ற மண் பாக்டீரியா தனக்கு இரும்பு தேடிக்கொள்ள உண்டாக்கும் சிடரோஃபோர் அது. 1960 வாக்கில் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். இரும்பு நீக்கிய வடிவம்தான் உங்கள் மகனுக்கு ஏற்றிய மருந்து. அந்தச் சிவப்பு, இரும்பைக் கவ்விய மூலக்கூறின் நிறம். நர்ஸ் அக்கா சரியாகச் சொன்னார்.

நம் உடம்பு இரும்பைச் சேர்க்கத்தான் கற்றது, தள்ளக் கற்கவில்லை. உலகத்தில் கரைந்த இரும்பு அவ்வளவு அரிது என்பதால் இருப்பதை எளிதில் விடாது. ஒரு பெரியவர் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு. ஒரு நாளில் உணவிலிருந்து எடுப்பது 1, 2 மில்லிகிராம்தான், தோல், குடல் உதிர்வில் இழப்பதும் அவ்வளவே. பழைய சிவப்பணுக்களை உடைத்து எடுக்கும் 20 முதல் 25 மில்லிகிராமைத் தினமும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. மிச்சத்தை ஃபெரிட்டின் என்ற உள்ளீடற்ற பந்துக்குள் பூட்டி வைக்கும். 24 துண்டுகள் சேர்ந்த பந்து அது, ஒரு பந்துக்குள் 4500 இரும்பு அணுக்கள் வரை, கிட்டத்தட்டத் துருவாகவே. மருத்துவர் பார்க்கச் சொல்லும் ‘ஃபெரிட்டின் அளவு’ இதுதான். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வருகிறது. வெளியேறும் வழி உடம்பில் இல்லாததால், அந்த வழியைப் பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கவனமாகச் சொல்கிறேன், உங்கள் மருத்துவரும் சொல்லியிருப்பார். அந்த மருந்து சில கிருமிகளுக்கும் இரும்பு கொண்டுபோய்க் கொடுக்கும். யெர்சினியா என்ற குடல் கிருமியால் அதை உண்டாக்க முடியாது, ஆனால் அடுத்தவர் உண்டாக்கியதைப் பிடித்து உள்ளே இழுக்கத் தெரியும். அதனால் அந்த ஊசி போடும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி, பேதி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், மருந்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

தூங்காத_இரவு | வெள்ளி, காலை 8:05

இப்போது மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லி அன்றைக்கு அவ்வளவு அழுத்திச் சொன்னது ஏன் என்று இன்றுதான் புரிந்தது. உங்களுக்கு ரொம்ப நன்றி அம்மா. மகனிடம் அவன் சிறுநீர் நிறத்தின் கதையைச் சொல்லப்போகிறேன்.

மூன்றாம்வரிசை | வெள்ளி, பகல் 12:50

அக்கா, உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும்.

நீலத்தட்டு, அப்படியானால் உடம்பு ஈ.கோலையின் என்டரோபாக்டினை எதிர்த்து ஒன்றும் செய்வதில்லையா? 10⁴⁹ என்றால் டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே பறித்துவிடுமே.

நீலத்தட்டு | வெள்ளி, இரவு 9:20

பறிக்கும். அதனால் உடம்பு இரும்பை விட்டுவிட்டு என்டரோபாக்டினையே பிடிக்கிறது. சிடரோகாலின் என்ற புரதம், நம் வெள்ளையணுக்களில் இருக்கிறது, கண்ணீரிலும் இருக்கிறது. இரும்போடு வரும் என்டரோபாக்டினை ஒரு குழிக்குள் போட்டு வைத்துக்கொள்ளும். இது 2002இல் தெரியவந்தது.

சால்மோனெல்லா அதற்கும் வழி செய்தது. என்டரோபாக்டின் மேல் குளுக்கோஸை ஒட்டிவிடும். குழிக்குள் நுழையாது, இரும்பைப் பிடிக்கும் வலுவும் குறையாது. இரும்புக்காக உடம்புக்குள் நடக்கும் இந்தப் போட்டியை ‘ஊட்ட எதிர்ப்பு’ என்கிறோம். லைம் நோய் தரும் பொரீலியா என்ற பாக்டீரியா இந்தச் சண்டையிலிருந்தே விலகிக்கொண்டது. இரும்பை விட்டுவிட்டு மாங்கனீசை வைத்து வாழ்கிறது.

நெல்வயல் | சனி, காலை 6:00

தம்பி கடலைக்காட்டான், உங்கள் காடு எப்படி இருக்கிறது? தெளித்தீர்களா? முழுக் காட்டிலும் அடிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். மஞ்சள் இலை ஒன்றில் பாதியை மட்டும் அன்னபேதிக் கரைசலைத் தூரிகையால் தடவி, மறு பாதியை விட்டுவிடுங்கள். சில நாளில் தடவிய பாதி மட்டும் பச்சையானால் இரும்புதான் குறை என்று உறுதி.

கடலைக்காட்டான் | அடுத்த வியாழன், மாலை 6:35

ஐயா, நீங்கள் சொன்னபடியே சனிக்கிழமை காலை பத்துச் செடியில் தடவினேன். எழுதக் காத்திருந்தேன். இன்றைக்கு அந்த இலைகளில் தடவிய பாதி பச்சை, மற்ற பாதி இன்னும் மஞ்சள். நடு நரம்பு கோடு போட்ட மாதிரி பிரித்துக் காட்டுகிறது. அப்பா ஒரு இலையைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

பொட்டலத்தைப் பார்த்தேன், ஈடிடிஏதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று மாலை முழுக் காட்டிலும் அன்னபேதி அடித்தாயிற்று, எலுமிச்சைச் சாறு சேர்த்தேன். தண்ணீர் கட்டும் நாளையும் தள்ளி வைத்திருக்கிறேன். களை எடுக்கும்போது ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தேன். பச்சைப் பக்கத்துச் செடியில் முடிச்சு பெரிதாக, உள்ளே இளஞ்சிவப்பு. மஞ்சள் திட்டில் முடிச்சே குறைவு, கிள்ளினால் வெளிறி இருக்கிறது. இதுவும் இரும்பா அக்கா?

வேர்முனை | அடுத்த வியாழன், இரவு 8:50

இதுவும் இரும்புதான் தம்பி. அந்த இளஞ்சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவு. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் நடுவிலும் ஏழு இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினமும் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. இரும்பு கிடைக்காத இடத்தில் முடிச்சு வளர்வதே தடைப்படும். அடுத்த தெளிப்புக்குப் பிறகும் அதே திட்டில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து எழுதுங்கள், வகுப்பில் காட்ட ஒரு படமும் வேண்டும்.

கடலைக்காட்டான் | அடுத்த வியாழன், இரவு 9:05

கட்டாயம் எடுத்து அனுப்புகிறேன் அக்கா. அடுத்த பட்டத்தில் சுக்கான் பக்கம் நாலு வரி கடலைக்கு இரண்டு வரி மக்காச்சோளம் விடப்போகிறேன். வேர் கலக்கும் அளவுக்கு நெருக்கி விதைக்கலாமா, நிழல் கட்டாதா என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.